ஜெனரல் உட்கார்ந்த சீட்டு

உப்பளம் கடைத்தெருவில் பழைய ஜீப் விற்கும் கன்னியப்பர் ஒரு பொய்யர்.

காதும் காதும் வைத்த மாதிரி சொல்ல எனக்கு வராது. அதனால் அச்சில் சொல்கிறேன். அவர் கடைக்கு இந்தப் பத்திரிகை வருகிறது. போன வாரம் போயிருந்தபோது, என் பத்தி வந்த பக்கத்தையே தரையில் விரித்து அதன்மேல் நட்டும் போல்ட்டும் பரப்பி வைத்திருந்தார். இந்த வாரமாவது படித்துவிட்டுப் பரப்பட்டும்.

என் தங்கை தனத்தைப் பிள்ளைச்சாவடியில் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்காரன் மாசிலாமணி, மீன் வியாபாரம். கட்டுமரம் கரை ஏறினதும் தனமும் மற்றப் பெண்களும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்கு நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் மீனும் கெடும், விலையும் கெடும்.

இந்த வருஷம் ஒரு லாரிக்காரர் வந்தார். மணலில் நான் இறங்க மாட்டேன், தார் ரோடு வரைக்கும் கொண்டுவந்து கொடுங்கள், மொத்த மீனையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் விலை அவர் சொல்வதுதான். ஊர் யோசித்தது. மாசிலாமணி எழுந்து, நான் ஜீப் வாங்கித் தண்ணி ஓரத்துக்கே கொண்டுவருகிறேன், நம்ம மீன் நம்ம வண்டியிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டான். பஞ்சாயத்தும் ஒரே வார்த்தையில் முடித்தது: மணலில் இறங்கி ஏறிக் காட்டு. ஏறினால் ஊர் மீன் உனக்கு. ஏறாவிட்டால் லாரிக்கு.

"அண்ணா, நீயும் கூடப் போ. இவரு யார் என்னா சொன்னாலும் தலையாட்டுவாரு" என்றாள் தனம்.

போனேன். இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினோம்.

உப்பளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கடை. இந்தப் பக்கம் கன்னியப்பர், சண்டை முடிந்து மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்புகளோடு. அந்தப் பக்கம் லூயி முசியே (பிரெஞ்சில் 'ஐயா'), பம்பாயில் பாகங்களைப் பூட்டி அனுப்புகிற புது ஜீப்புகளோடு. ஒருவர் கடைக்குப் போகிறவனை மற்றவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே... சக்களத்திகள் தோற்றார்கள்.

முதலில் லூயியிடம்தான் போனோம். நல்ல மனுஷர். நாற்காலி போட்டார். என்ஜினைப் பற்றிப் பேசினார். பிறகு கியரைப் பற்றி... பிறகு ஸ்பிரிங்கைப் பற்றி... மாசிலாமணி கொட்டாவி விட்டான். பாதியில் எழுந்து வந்துவிட்டோம். மீதிப் பாதியில்தான் விஷயமே இருந்திருக்கிறது!

கன்னியப்பர் என்ஜினைத் திறக்கவே இல்லை. ஜீப்புக்கு ஸ்டீயரிங் இடது பக்கம்; அதற்குப் பக்கத்தில் இருந்த வலது பக்கச் சீட்டைத் துண்டால் துடைத்தார். சாமிக்குத் திரை விலக்குகிற மாதிரி ஒதுங்கி நின்று, சீட்டுக்குப் பின்னால் தகரத்தில் இருந்த ஒரு ஓட்டையைக் காட்டினார். சுண்டுவிரல் நுழையும்.

"குண்டுங்க. பர்மா சண்டையில பட்டது. ஜெனரல் இந்தச் சீட்டுலதான் உக்காந்திருந்தாரு. ஒரு சாண் இப்படித் தள்ளி வந்திருந்தா ஆள் காலி."

மாசிலாமணி ஓட்டைக்குள் விரலை விட்டான். விட்ட விரலை எடுக்க மனசில்லை.

"குண்டுக்கே சாவாத வண்டி மச்சான். மணலுக்கா சாவப் போவுது?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது.

கியருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இது எதற்கு என்று கேட்டேன். "அதெல்லாம் சண்டைக்குங்க. தொடாதீங்க" என்றார் கன்னியப்பர். தொடக்கூடாது என்று சொன்னதை மாசிலாமணி பயபக்தியோடு எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் குச்சி இரண்டையும் சேர்த்து மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டினான். குண்டு ஓட்டைக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஜெனரல் கதையைச் சொன்னான்.

மறுநாள் காலையில் ஊரே கரையில் நின்றது. லாரிக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜீப் மணலில் இறங்கியது. கொஞ்ச தூரம் போனது. அப்புறம் பின்சக்கரம் இரண்டும் சுற்றின... சுற்றின... சுற்றிக் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன. முன்சக்கரங்கள் விருந்தாளி மாதிரி சும்மா இருந்தன.

"ஜெனரலைக் கூப்புடு மாப்ளே, வந்து தள்ளட்டும்" என்றார் லாரிக்காரர்.

கரையே சிரித்தது. தனம் இடுப்பில் இருந்த கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு டவுனைப் பார்த்து நடந்தாள்.

பஞ்சாயத்துக் காலைப் பிடித்து இன்னும் ஒரு நாள் வாங்கினோம். நான் பஸ் ஏறி உப்பளத்துக்குப் போய்க் கன்னியப்பரைப் பிடித்தேன். மனுஷர் பதறவே இல்லை.

"பர்மா முச்சூடும் காடுங்க. மணல் ஏது அங்கே?"

எதிர்க்கடையில் லூயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விடிந்ததும் வெள்ளைக் கால்சட்டை, தொப்பி சகிதம் தன் புது ஜீப்பில் பிள்ளைச்சாவடிக்கே வந்துவிட்டார். எங்கள் வண்டி புதைந்து கிடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தன் வண்டியை இறக்கினார். அலை நனைக்கிற இடம் வரை போனார். திரும்பினார். ஏறினார். "வுவாலா!" — இதோ பாருங்கள் — என்று பிரெஞ்சில் சொல்லித் தொப்பியைக் கழற்றினார். பொடிசுகள் விசில் அடித்தார்கள்.

மாசிலாமணி மெதுவாகப் பக்கத்தில் போய், இறங்குவதற்கு முன்னால் ஒரு குச்சியைத் தள்ளினீர்களே, அது என்ன என்று கேட்டான். கேட்டால் சும்மா இருப்பாரா லூயி? முன்சக்கரத்துக்கும் இழுக்கிற சக்தி கொடுப்பது அதுதான், அதைப் போட்டால்தான் நாலு சக்கரமும் வேலை செய்யும் என்று விளக்கு விளக்கு என்று விளக்கினார்.

"எங்க வண்டியிலயும் இருக்குதே அது?"

"இருக்கும். எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்கதானே..."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். அதற்குள் மாசிலாமணி ஓடிப்போய் மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நாலு பேர் சக்கரத்தடி மணலை வாரிவிட்டார்கள். குச்சியைத் தள்ளினான். குட்டையிலிருந்து எருமை எழுந்து வருகிற மாதிரி, அவசரமே இல்லாமல், ஜீப் மேலே ஏறி வந்தது. லாரிக்காரர் போய்விட்டார்.

இப்போது ஊர் மீன் ஜீப்பில்தான் போகிறது. ஜெனரல் சீட்டில் தனம் உட்காருகிறாள். குண்டு ஓட்டையில் கயிற்றைக் கோத்துப் பின்னால் இருக்கிற தன் கூடையைக் கட்டிவிடுகிறாள். ஆடாது, சரியாது. நான் திருப்தியாகத்தான் இருக்கிறேன். வண்டியைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

பிறகு எதற்குக் கோபம் என்கிறீர்களா?

போன வாரம் ஃபேன் பெல்ட் வாங்கக் கன்னியப்பர் கடைக்குப் போனேன். மூன்று ஜீப் நின்றன. மூன்றிலும் வலது சீட்டுக்குப் பின்னால், அதே இடத்தில், அதே அளவில் ஓட்டை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். சைகோன் சண்டையாம். பிரெஞ்சு ஜெனரலாம். ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் ஆள் காலியாம்.

எதிரிகளுக்கு என்ன அப்படி ஒரு குறி? எந்த நாட்டு ஜெனரலாக இருந்தாலும் சரியாக ஒரு சாண் தள்ளித்தான் சுடுவார்களா?

பிரெஞ்சுக் கொடி மாறியாச்சு. துரைமார் கப்பல் ஏறியாச்சு. அவர்கள் உட்கார்ந்த சீட்டுக்கு மட்டும் இந்த ஊரில் மவுசு குறையவில்லை. கன்னியப்பரை மட்டும் சொல்லி என்ன? பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை என்ன வேலை என்பதற்கு முன்னால் அவன் பாட்டன் எந்தக் கவர்னரிடம் கை குலுக்கினான் என்றுதானே பேச்சு ஆரம்பிக்கிறது! குச்சியை யார் கேட்கிறார்கள்? ஓட்டையைத்தான் கேட்கிறார்கள்.

நியாயமான மனுஷரைப் பார்ப்போம் என்று எதிர்க்கடைக்குப் போனேன். லூயியின் புது ஜீப். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. வலது சீட்டுக்குப் பின்னால்...

"என்ன முசியே இது?"

அவர் தரையைப் பார்த்தார். "இதோட அண்ணன்காரன் சண்டைக்குப் போனவன்னு சொல்லிப் பார்த்தேன். ஒருத்தனும் கேக்கல. குண்டு எங்கேங்கிறான்."

"அண்ணன் மேல பட்ட குண்டு தம்பி மேல எப்படி வந்தது?"

"வம்சம்" என்றார் லூயி.

அவரை நான் மன்னித்துவிட்டேன். குச்சியைக் காட்டியவர் அவர். அதனாலேயே ஒரு வண்டி விற்காமல் போனவர். ஆரம்பித்து வைத்தவரை விட முடியாது.

கன்னியப்பரே, பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வண்டியையும் திருப்பித் தரப்போவதில்லை. இதே பத்திரிகையில், ஊர் பார்க்க, பதில் எழுதுங்கள். அந்த ஓட்டையைப் போட்டது துப்பாக்கியா, துளை போடுகிற மெஷினா? மெஷின்தான் என்றால், அதை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்கு எப்போது வருகிறீர்கள்? கூடை இரண்டாகிவிட்டது — இடது பக்கமும் ஒரு குண்டு பட்டிருக்கக் கூடாதா என்று என் தங்கை கேட்கிறாள்.