கடல் நாளுக்குப் பேட்டா

என் முதலாளி நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அவரைத் தவறாக நினைக்கக் கூடாது. சிவகங்கைப் பக்கமிருந்து வந்து, போர்ட் பிளேரில் சிமெண்ட், கம்பி வியாபாரம் தொடங்கி, நான்கு லாரி வாங்கியவர். டிரைவர்களான எங்கள் நான்கு பேருக்கும் மாதச் சம்பளம் கொஞ்சம். வண்டி ஓடும் நாளுக்குப் பேட்டா தனி. அந்தப் பேட்டாவில்தான் புரோத்ராபூரில் என் வீட்டு அடுப்பு எரிந்தது.

தகராறெல்லாம் ஹேவ்லாக் தீவு ட்ரிப்பில்தான். அங்கே கட்டும் ரிசார்ட்டுகளுக்குச் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு, கப்பல் துறையான ஜெட்டியில் வரிசையில் நின்று, லாரியோடு கப்பலில் ஏற வேண்டும். கப்பலில் கழியும் நாளுக்கு முதலாளி பேட்டா தர மாட்டார். போகும்போதும் கிடையாது, வரும்போதும் கிடையாது. சாப்பாடும் கைக்காசில். கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்:

“கப்பல்ல ஏறிட்டா உனக்கு ஆராம்தானய்யா, ரெஸ்ட்டுதான? வண்டியா ஓடுது? கப்பல்தான ஓடுது. அத ஓட்டுறவனுக்கு சர்க்கார் சம்பளம் குடுக்குது.”

சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும், தார்ப்பாய் அவிழாமல் பார்க்க வேண்டும், வண்டியை விட்டு நகர முடியாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் வேலையா என்றார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, ஏறினால் வாந்திதான் என்றும் சொன்னேன். அது தப்பாகப் போயிற்று. தீவில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் ஹேவ்லாக் போனால் ஏசி போட்ட வேகப் படகில்தான் போவார்.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. “சம்பளம் இல்லாம ஹேவ்லாக் போறவங்களுக்கு டூரிஸ்ட்டுன்னு பேரு. அடுத்த வாட்டி என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள் மனைவி. 

ஒரு மே மாதக் கடைசியில், பில் விஷயமாக ரிசார்ட் மேனேஜர் முதலாளியை உடனே வரச் சொன்னார். பள்ளி விடுமுறைக் கூட்டம், வேகப் படகில் டிக்கெட் இல்லை. முதலாளி என் லாரியிலேயே ஏறிக்கொண்டார். கப்பலில் மேலே பயணிகளோடு உட்காரச் சொன்னேன். லாரி கேபினிலேயே படுத்து ஒரு தூக்கம் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

துறைமுகம் தாண்டியதும் காற்று பிடித்தது. லாரிகள் நிற்கும் திறந்த கீழ்த்தளத்தில் டீசல் நாற்றம், கேபினுக்குள் புழுக்கம், போதாததற்கு ஆட்டம். முதலாளி எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே வண்டி கழுவும் வாளியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எனக்கும் அந்த வாளிதான். வாளி ஒன்று, ஆள் இரண்டு. முதலாளி, தொழிலாளி என்ற வித்தியாசமெல்லாம் அந்த வாளிக்குத் தெரியவில்லை. நடுவில் கப்பல்காரர் வந்து, என் லாரியின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு அடிப்பதாகக் கத்தினார். தண்ணீர் பட்டால் சிமெண்ட் கல்லாகிவிடும். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஏறிக் கட்டினேன். ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹேவ்லாக்கில் இறங்கியதும் ஜெட்டித் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்குத் தன்னால் ஒன்றும் முடியாது, மேனேஜரை நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

“நீங்க படுங்க முதலாளி. நான் போய் லோடு எறக்கணும்” என்றேன்.

அவர் திண்டிலேயே படுத்துக்கொண்டார். நான் இறக்கிவிட்டு வந்தபோது, இனிமேல் கடல் நாளுக்கும் பேட்டா உண்டு, நான்கு பேருக்கும் உண்டு என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

“வாளி விஷயம் வெளிய போகக் கூடாதுய்யா.”

தலையாட்டினேன். இப்போது அவர் கடையை விற்றுவிட்டு மெயின்லேண்ட் போய்விட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று, பேட்டா செய்தி கேட்ட மற்ற மூன்று டிரைவர்களுக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை. முதலாளிக்குத் திடீரென்று இவ்வளவு பெரிய மனசா என்று பேசிப் பேசி, கடையில் வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்தார்கள். எத்தனையோ நாளாக மல்லுக்கு நின்றவன் நான், பொன்னாடை அவருக்கு.  நான் சீனியராம், நான்தான் போர்த்த வேண்டுமாம். போர்த்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “கப்பல்ல போற டிரைவர் படுற கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும்” என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நான்தான் முதலில் கைதட்டினேன்.