பெரியம்மா ஊட்டுச் சாமை

இன்று மருமகள் குக்கரில் சாமைச்சோறு வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் வந்த வாசம், வெள்ளைக்காரன் காலத்துக் கொல்லிமலைக்கு, பெரக்கரை நாட்டில் எங்கள் ஊட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வரப்புத் தகராறு. "செத்தாலும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அம்மா ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள். அந்த வருஷமே காட்டுப்பன்றிகள் எங்கள் சாமைக்காட்டை அழித்துவிட்டன. விதைக்குக்கூட ஒரு பிடி மிஞ்சவில்லை. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, நான் பேசுனது தப்புங்க. வெதைக்குச் சாமை வேணுங்க."

பெரியம்மா பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. முதலில் எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டாள். பிறகு கூடை நிறைய விதை கொடுத்தாள்.

அடுத்த அறுவடையில் எங்கள் காடு நன்றாக விளைந்தது. பெரியம்மாவின் கதிர்களோ அறுப்பதற்குள் வந்த அடைமழையில் அழுகிப்போயின. ஊரில் எல்லோரும் அம்மாவைத்தான் மெச்சினார்கள். அம்மா ஒரு கூடைச் சாமையைத் தலையில் வைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பெரியம்மா ஊட்டின் பின்வாசலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்கக்கா, எங்கூட்டுக் குதிர்ல எடம் பத்தலைங்க. இது இங்கயே இருக்கட்டுமுங்க."

பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்து, "உள்ள வா கண்ணு" என்றாள்.

திரும்பி வரும்போது கேட்டேன், "நம்ம குதிரு பாதி காலியாத்தானே கெடக்குதும்மா?"

"அது நமக்குள்ள இருக்கட்டும் சாமி" என்றாள் அம்மா.

அந்த இரண்டு பேர் கையாலும் சோறு தின்று வளர்ந்தவள் நான்.