‘கொடுக்கலாம்’ என்றுதான் எழுதியிருந்தது

ஜார்ஜியாவின் ருஸ்தாவி நகரத்தில் இருபத்தெட்டு வருஷம் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த சியாலா, அதைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவரையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்களுடைய இலக்கணம் அவர்களைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஜார்ஜியப் படைக்குப் பயிற்சி தர அமெரிக்கர்கள் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கினார்கள். ஊருக்கு வெளியே முகாம் வந்தது. மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவள் விண்ணப்பம் போட்டாள், வேலையும் கிடைத்தது. அவள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக டாக்சி ஓட்டும் கணவர் ஒத்தாரி சவாரி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அமெரிக்கப் பயிற்சியாளர் சார்ஜென்ட் பிக்கெட் ஒவ்வொரு சொல்லிலும் பாதியை விழுங்கிவிடுவார். முதல் வாரம் சியாலாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. குறை தன் காதில் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வினைச்சொல்லை முழுசாகச் சொல்லும்படி அவரிடம் கேட்டாள். அவர் ‘அவன் போறாங்க’ என்கிற தினுசில் பேசினால், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் திருத்துவாள். இரண்டே மாதத்தில் அந்த மனிதர் வாயைத் திறக்குமுன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டார்.

அடுத்த வருஷத்துக்குப் பணம் ஒதுக்கும் அமெரிக்கச் சட்டம் இலையுதிர் காலத்தில் வந்தது. ஜார்ஜியப் படையின் பயிற்சி அலுவலகத் தலைவர் கர்னல் ஜும்பெர் அதை யாரிடமோ கொடுத்து மொழிபெயர்த்து வைத்திருந்தார். எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லித்தான் சியாலாவிடம் தந்தார். ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். அவள் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள்.

“கர்னல் சார், இதுல ‘கொடுக்கும்’னு போட்டிருக்கு. மூலத்துல ‘கொடுக்கலாம்’னுதான் இருக்கு.”

“ரெண்டுக்கும் அப்படி என்ன டீச்சர் வித்தியாசம்?”

“நான் உங்க வீட்டுக்குச் சாப்பிட வருவேன்னா நீங்க ஆட்டை அறுக்கணும். வரலாம்னா அவசரப்பட்டு அறுக்கக்கூடாது.”

கர்னல் ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தார். இன்னும் எண்ணூறு வீரர்களுக்குப் பயிற்சி உறுதி என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியாயிற்று.

சியாலா விடவில்லை. பயிற்சி பெற்றவர்கள் பொதுமக்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று மார்ச் முதல் தேதிக்குள் அறிக்கை போக வேண்டும், போகாவிட்டால் பணம் கிடையாது என்று கீழே இருந்ததையும் காட்டினாள்.

“அதெல்லாம் சம்பிரதாயம் டீச்சர். நாமகூடத்தான் கடுதாசியில ‘பணிவுடன்’னு எழுதறோம். பணிஞ்சா போயிடறோம்?”

வீட்டுக்கு வந்தவளுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் இலக்கணத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அவள் படித்தது மாஸ்கோவில் அச்சான பழைய புத்தகம். இடையில் அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மாறிவிட்டிருந்தால்?

பிப்ரவரியில் அந்தச் சட்டத்தை எழுதிய குழுவிலிருந்து ஹாலொரன் என்ற பெண் அதிகாரி முகாமைப் பார்க்க வந்தாள். நீங்கள் கொடுக்கப்போகும் பணத்துக்கு நன்றி என்று கர்னல் முழங்கினார். சியாலா ஒரு நொடி தயங்கி, ‘நீங்கள் ஒருவேளை கொடுக்கக்கூடிய பணத்துக்கு’ என்று மொழிபெயர்த்தாள். அந்த அளவுக்கு கர்னலுக்கும் இங்கிலீஷ் தெரியும். காது சிவந்துவிட்டது.

ஹாலொரன் சிரித்துவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக நான்கு மணி நேரம் சண்டை நடந்தது, ‘கொடுக்கும்’ என்று எழுதியிருந்தால் சட்டமே நிறைவேறியிருக்காது என்றாள். பிறகு, அறிக்கை எங்கே என்று கேட்டாள். கெடுவுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

அவள் கார் கிளம்பியதும் கர்னல் சியாலாவிடம் வந்தார்.

“டீச்சர், அந்த அறிக்கைய நீங்க எழுதித் தர முடியுமா?”

“எழுதலாம்.”

“இந்த ‘லாம்’ வேணாம் டீச்சர். எழுதறேன்னு சொல்லுங்க.”

எழுதினாள். மலையடிவாரத்தில் ஒரு வீரன் ஆட்டுக்காரரை அறைந்ததையும், அதற்காக அவனுக்குத் தண்டனை கிடைத்ததையும் சேர்த்தே எழுதினாள். அந்தப் பத்தியை எடுத்துவிடும்படி கர்னல் மூன்று தரம் கெஞ்சிப் பார்த்தார். எடுத்தால் மொத்தமும் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். பத்தி இருந்தது. பணம் கொஞ்சம் குறைச்சலாக, மே மாதம் வந்தது. ஆட்டுக்காரர் அறை வாங்கியதைப் படித்த பிறகுதான் மற்றதையும் குழு நம்பியது என்று ஹாலொரன் கடிதம் எழுதினாள்.

எண்ணூறு பேரில் அறுநூற்றைம்பது பேர் பயிற்சியை முடித்தார்கள். பயிற்சி முடிந்த நாள் விருந்தில் கர்னல் திராட்சை ரசக் கோப்பையை உயர்த்தி, சியாலாவைப் பற்றி மட்டும் முழுசாகப் பத்து நிமிஷம் பேசினார். அமெரிக்கர்களுக்கு அதை மொழிபெயர்க்க அவளைத் தவிர ஆளில்லை. தன்னைப் பற்றிய புகழ்ச்சியை அவள் இரண்டே வரியில் முடித்துக்கொண்டாள்.

“அவ்வளவு நேரம் பேசினாரே?” என்றார் பிக்கெட்.

“எங்க பாஷை கொஞ்சம் நீளம்” என்றாள் சியாலா.