வெறும் ஃபிளாஷ்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. இருபத்திரண்டு வயதில் இன்னும் மோசம். அப்போது மைசூரில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். "காது தெரியட்டும், கண்ணைச் சிமிட்டாதீங்க, சிரிக்காதீங்க." நாள் பூராவும் இதே பல்லவி. கல்யாண ஆர்டர் வந்தால் முதலாளி ஆம்பளைகளைத்தான் அனுப்புவார். ஒரு நாள் கேட்டதற்கு, "பொம்பளைப் பிள்ளை, மேடையில கூட்டத்துல நசுங்கிப் போயிருவேம்மா" என்றார். "நான் என்ன கண்ணாடிப் பொம்மையா?" என்று கத்திவிட்டு அன்றைக்கே வேலையை விட்டேன். கையில் யாரோ உபயோகித்து விற்ற கேமரா ஒன்று, வாயில் கொழுப்பு நிறைய. அவ்வளவுதான் என் முதல்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்திலிருந்து வந்து, மைசூர் ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் அவர். தன் சூப்பர்வைசரிடம் பேசி, அங்கேயே பேக்கிங் செக்ஷனில் எனக்கு ஒரு இடம் பிடித்துவிட்டார். ஒன்றாம் தேதி கம்பெனி பஸ் ஏற வேண்டும். நான் மாட்டவே மாட்டேன் என்று குதித்தேன். மூன்று நாள் வீடே ரணகளம். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"சூப்பர்வைசர் மக கல்யாணம் வருது அம்மிணி. என் மக எடுப்பா, நான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நல்லா எடுத்துக் காட்டு, பேக்கிங் பேச்சை நான் எடுக்கல. சொதப்புனீன்னா வாயை மூடிக்கிட்டு பஸ் ஏறோணும்."

சரி என்றேன். அதற்குமேல் என்ன வேண்டும்?

கல்யாணம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சத்திரத்தில். அவர்கள் கன்னடக்காரர்கள். எனக்குக் கன்னடம் தமிழைவிட நன்றாக வரும், பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடம்தான். தெரியாத விஷயமே இல்லை என்று நினைப்பு. ஆனால் யோசித்துப் பார்த்தால் கன்னடக் கல்யாணம் எதற்கும் காலையில் போனதில்லை. முந்தின நாள் ரிசப்ஷனுக்குப் போவோம், சாப்பிடுவோம், தேங்காய்ப் பையோடு வந்துவிடுவோம். நான் முழுசாகப் பார்த்ததெல்லாம் எங்கள் ஆட்கள் கல்யாணம்தான். அதில் உயிர்நாடி தாலி. அதைத் தவறவிட்டவனைச் சும்மா விடமாட்டார்கள்.

அதனால் திட்டம் போட்டு வைத்திருந்தேன். தாலிக்கு முன்னால் ஃபிலிம் ரோலை மாற்றிவிட வேண்டும், முப்பத்தாறு படமும் புதுசாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் பிடித்த துணியை இறக்கினார்கள், எடுத்தேன். சீரகமும் வெல்லமும் தலையில் வைத்துக்கொண்டார்கள், எடுத்தேன். மாலை மாற்றினார்கள், எடுத்தேன். ரோல் முடிந்தது. இதுதான் சமயம் என்று கேமராவின் முதுகைத் திறந்து பழைய ரோலை வெளியே எடுத்தேன். சட்டென்று கெட்டிமேளம்!

தாலி போச்சு என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தாலி தட்டிலேயே இருக்கிறது. பெண்ணின் கையில் ஒரு தேங்காய், அவள் அப்பா பிடித்துக்கொண்டிருக்க அவள் அம்மா பால் ஊற்றுகிறாள். அப்பாடா, வேறு ஏதோ சடங்கு என்று மூச்சு விட்டேன். ஆனால் பின்னாலிருந்து ஒரு மாமா, "போட்டோ, போட்டோ!" என்று உயிரை வாங்கினார். அவர் வாயை அடைக்க, கேமராவை மூடிக் கண்ணில் வைத்து ஃபிளாஷை அடித்தேன். உள்ளே ஃபிலிம் இல்லை. மாமா திருப்தியாகிவிட்டார். நானும்தான். நிதானமாகப் புது ரோல் போட்டு, தாலி கட்டுவதைப் பன்னிரண்டு படம் எடுத்தேன். என்னைப் போல ஒருத்தி மைசூரிலேயே இல்லை என்று தோன்றியது.

சாப்பாட்டுப் பந்தியில் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்றார். அழுத கண் இன்னும் சிவந்திருந்தது. "தாரெ சென்னாகி பந்திதாம்மா?" என்றார். தாரெ, அதாவது பாலை ஊற்றிப் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது, நன்றாக வந்ததா என்று. அதைத்தான் பெரிதாக்கி ஹாலில் மாட்டப்போகிறாராம். தாலி கட்டுவது மாப்பிள்ளை வேலை, பெற்றவன் செய்வது தாரெ ஒன்றுதானே என்றார். "சூப்பரா வந்திருக்கு சார்" என்றது என் வாய். பைக்குள் கிடந்த பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். தாரா முகூர்த்தம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாவி, நான் அதில் சத்திரத்து அட்ரஸை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த பத்து நாள் நான் மனுஷியாகவே இல்லை. பிரிண்ட் எல்லாம் வந்தது. சொந்தக்காரர்கள் அப்புறம் வரிசையாக வந்து பால் ஊற்றியது ஒன்பது படம் இருந்தது. பெற்றவர்கள் ஊற்றியது இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சாமுண்டி மலைப் படியெல்லாம் ஏறி இறங்கினேன். ஆல்பத்தைப் பிரிப்பேன், ஒட்டுவேன், மறுபடி பிரிப்பேன். அப்பா வேறு தினம் வந்து, "சூப்பர்வைசரு பஸ்ஸு பூராவும் உன் பேச்சுத்தான் பேசுறாரு" என்று பூரிப்பார். ஒரு நாள் தாங்கமுடியாமல், "போதும்ப்பா, நிறுத்துங்க!" என்று அலறி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "லேப்ல கெட்டுப்போச்சுன்னு சொல்லிரலாம் கண்ணு" என்றார். பொய் சொல்லாத மனுஷன். எனக்காக அதையும் சொல்லத் துணிந்ததைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தோடு இருவரும் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனோம். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, மாலை மாற்றியதுக்கு அடுத்த பக்கத்தில் நின்றார். நான் அங்கே நாலு மூலைக்கும் ஒட்டு வைத்து, நடுவில் ஒன்றும் வைக்காமல் விட்டிருந்தேன். அப்பா தொண்டையைக் கனைத்து, "சார், லேப்ல..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல சார்" என்றேன் கன்னடத்தில். "கேமராவில ஃபிலிமே இல்ல. தாரென்னா என்னன்னு எனக்குத் தெரியல. வெறும் ஃபிளாஷை அடிச்சு உங்களை ஏமாத்திட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொண்ணு மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வரப்போ அதே புடவையைக் கட்டச் சொல்லுங்க சார், தேங்காய் வெச்சு இன்னொரு தடவை எடுத்துத் தரேன்" என்றும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தார். "உங்களுக்கும் ஒரு மக இருக்கா. அவளை ரெண்டு தடவை குடுக்க முடியுமா, சொல்லுங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானே பேச்சை எடுத்தேன்.

"ஒண்ணாம் தேதி நான் பஸ் ஏறிக்கிறேன்ப்பா. சொன்ன வார்த்தை வார்த்தைதான்."

"வேண்டாம்" என்றார்.

ஒரு விநாடி எனக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதை மறைத்தால் இதை எழுதியே பிரயோசனமில்லை. மன்னித்துவிட்டார் என்று நினைத்து, அவர் பக்கம் திரும்பினேன்.

"உன்னையக் கூட்டிக்கிட்டு அந்த ஆளு முன்னால எப்படிப் போய் நிப்பேன்?" என்றார். "எனக்கு வெக்கமா இருக்குது அம்மிணி. நீ போட்டோவே எடு."