பம்புக்குப் பின்னால் ஒரு செட்டு

கொள்ளிடக் கரையில், நாய்கூட ஒதுங்காத ஒரு பொட்டல் மேட்டில், முதன்முதலாகக் கீற்றுக் கொட்டகை போட்டவன் நான். அதில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்தவன் நான். ஆற்று மணலில் நடந்து வருகிறவர்கள் கால் கழுவ சிமெண்டுத் தொட்டி கட்டியவன் நான். மண்பானையில் குடிக்கத் தண்ணீர் வைத்து, அந்தப் பானையை எவனோ தூக்கிக்கொண்டு போனதும் மறுநாளே இன்னொரு பானை வைத்தவனும் நான்தான். தா.பழூரோடு திரும்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸை எங்கள் கரை வரைக்கும் வரவழைக்க அலைந்தவர்களில் முன்னால் நின்றவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் இத்தனையும் செய்தான் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். முதலில் போட்ட கொட்டகை ஆடிக் காற்றில் கிளம்பிப் போய் ஆற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது உண்மைதான். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாவது நின்றது.

இப்போது என்ன திடீரென்று இந்தப் பெருமை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன வாரம் காலையில் டீ குடிக்கப் போனேன். பாலத்துக்கு ஏறுகிற ரோட்டோரம் புதிதாகக் கட்டியிருக்கும் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெயிண்டர் ஏணி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நின்று கூட்டினேன். ப, ம், பு. நெஞ்சுக்குள் பஸ் ஹாரன் அடித்த மாதிரி இருந்தது. ஆஹா, நம்ம பேரை எழுதிவிட்டார்களே என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். பெயிண்டர் ஏணியைத் தள்ளிப் போட்டு, அடுத்த சொல்லை ஆரம்பித்தார். செ, ட், டு.

பம்பு செட்டு நிறுத்தம்.

போதாததற்குப் பக்கத்தில் ஒரு படம். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கீழே இரண்டு கொக்கு.

“தம்பி, இங்க எங்கய்யா பம்பு செட்டு?” என்றேன்.

“எனக்கு என்னங்க தெரியும்? மெம்பரம்மா சொன்னாங்க. கொக்கு மட்டும் நானா போட்டது.”

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் வீட்டுக்காரி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மூணாப்பு பெயிலு. இவரு போர்டுல தப்பு கண்டுபுடிச்சிட்டு வந்துட்டாரு” என்றாள். பெயில் இல்லை, நானாக நின்றது என்று நாற்பது வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அன்று மனதைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெயிண்ட் வாசனை. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனைக்கு அது பெரியப்பன் மகன் மாதிரி. கண்ணை மூடினால் கொட்டகையில் நிற்கிறேன். விடிந்தும் விடியாத நேரம். சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் சைக்கிள்கள் வந்து சேரும். ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்கள், பாத்திரப் பட்டறைக்குப் போகிற ஆண்கள், ஆஸ்பத்திரி ஆயா, கல்லூரிப் பிள்ளைகள். எல்லோருக்கும் பிழைப்பு அக்கரையில், கும்பகோணத்தில். மணலில் சைக்கிளைத் தள்ள முடியாது. என்னிடம் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து அக்கரையில் பஸ் பிடிக்க வேண்டும். தண்ணீர் வந்த காலத்தில் பரிசல். மற்ற நாளெல்லாம் நடைதான். தேங்காய் எண்ணெய் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் டிபன் பாக்ஸ் புளிசாத வாசனையும் ஈர மணல் வாசனையோடு கலந்து கிடக்கும். எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

ஆற்றில் ஒரு வழக்கம் இருந்தது. தனியாக யாரும் இறங்கக் கூடாது. “ஆளு சேந்தாச்சா?” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். சேர்ந்த பிறகு கூட்டமாகத்தான் இறங்குவார்கள். நடுவில் எவனாவது கேலி செய்வான், எவளாவது திருப்பிக் கொடுப்பாள், அப்படியே சிரிப்பு தேய்ந்து தேய்ந்து அக்கரைக்குப் போய்விடும். சாயங்காலம் அதே சிரிப்பு கொஞ்சம் களைத்துப்போய்த் திரும்பி வரும்.

வந்ததும் தொட்டியில் கால் கழுவுவார்கள். அங்கே எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். பஞ்சர் பார்க்க டியூபை அதே தொட்டியில்தான் முக்குவேன். “ஏண்ணே, காலைக் கழுவுறதா, டியூபைக் கழுவுறதா? தண்ணி கறுப்பா கெடக்கு” என்று ஒரு பெண் கேட்டாள். “ரெண்டும் நடக்குற சாமான்தானே தாயி” என்றேன். அப்போதெல்லாம் எனக்கு வாய் அதிகம். இப்போது குறைந்துவிட்டதாகச் சொல்லவில்லை.

பம்புக்கு வருகிறேன். அது கும்பகோணத்தில் வாங்கியது. அடியில் இருக்கும் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் குத்திக் குத்தி அடிக்கிற பெரிய காற்றுப் பம்பு. மரக் கைப்பிடி. அதைத் தோளில் வைத்து ஆறு முழுக்க நடந்து வந்தேன். எதிரே வந்தவர்கள் சாமி புறப்பாடு மாதிரி ஒதுங்கி நின்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிப் பம்பு அதற்கு முன்னால் கிடையாது. ஸ்டாண்டுக்குத்தான் காசு, காற்றுக்கு நான் வாங்கியதில்லை. ஆண்டவன் விடுகிற காற்று, நாம் பிடித்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அதனால் என் பேர் போய் பம்புக்காரர் ஆனது, அப்புறம் பம்பண்ணன் ஆனது.

முதல் நாள் பஸ் வந்தபோது கண்டக்டருக்கு ஒரு சிக்கல்.

“இந்த ஸ்டாப்புக்கு என்னாங்க பேரு? என்னான்னு கூப்புடுறது?”

“ஆத்தங்கரைன்னு சொல்லுங்க” என்றார் ஒருவர்.

“வழி நெடுக ஆத்தங்கரைதானேங்க.”

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “நம்ம பம்புகிட்ட நிப்பாட்டுங்க சார்.”

கண்டக்டர் விசில் ஊதினார். “பம்பு! பம்பெல்லாம் எறங்கு!”

அந்தக் குரல்தான் எங்கள் இடத்துக்குப் பெயர் வைத்தது. பின் சீட்டுப் பெண் யாரென்றால் மல்லிகா. அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

அதற்கு முன்னால் ஒரு தை மாதம். பனி என்றால் அப்படிப் பனி, நீட்டிய கை தெரியாது. கூட்டம் இறங்கிப் போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து மல்லிகா ஓடி வந்தாள். அன்றுதான் ஜவுளிக்கடையில் அவளுக்கு முதல் நாள். முதல் நாளே பிந்தினால் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். அப்பா இல்லாத வீடு, அவள் போனால்தான் அடுப்பு. நான் பார்ப்பதற்குள் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தனியாக இறங்கிவிட்டாள்.

நான் இரண்டு சைக்கிளுக்குக் காற்றடித்து முடிக்கவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் கரையேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்கிறாள்: “அண்ணே, கும்மோணம் பஸ் எங்க நிக்கும்?”

மல்லிகாதான். மணலில் வட்டமடித்து, அக்கரை வந்துவிட்டோம் என்று நினைத்து எங்கள் கரையிலேயே ஏறியிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இது கும்மோணந்தான் தாயி. இந்தா நிக்குதே, இதுதான் உன் சைக்கிளு” என்றேன். சைக்கிளைப் பார்த்தாள். முகம் கோணியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். “போச்சுண்ணே. எல்லாம் போச்சு.”

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

“எந்திரி. நான் இங்க சைக்கிள் மணி அடிச்சிட்டே இருப்பேன். சத்தம் உன் முதுகுல விழணும். முதுகுல கேட்டா சரியாப் போறேன்னு அர்த்தம். மொகத்துல கேட்டா திரும்பிட்டேன்னு அர்த்தம். ஓடு.”

அவள் இறங்கினாள். நான் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா சைக்கிள் மணியையும் அடித்துக்கொண்டே ஓடினேன். திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். பக்கத்து டீக்கடைக்காரர் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார். பிறகு விஷயம் தெரிந்து அவரும் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டார். அக்கரை பஸ்ஸின் ஹாரன் கேட்டு, கிளம்புகிற சத்தமும் ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினோம். அவள் ஏறினாளா இல்லையா என்று சாயங்காலம் வரைக்கும் தெரியாது. ஒரு டியூபுக்கு இரண்டு இடத்தில் தப்பாகப் பஞ்சர் ஒட்டினேன்.

சாயங்காலக் கூட்டத்தில் முதல் ஆளாக வந்தாள். “பஸ்ஸுல ஏறி உக்காந்த பொறவும் மணி காதுல அடிச்சிட்டே இருந்துச்சுண்ணே” என்றாள். அதிலிருந்து பனி இறங்கும் நாளெல்லாம் மணி அடித்தோம். எந்தச் சைக்கிளில் மணி ரிப்பேராக இருந்தாலும் நானே மாற்றிவிடுவேன்.

இன்னொன்று. சாயங்காலம் ஒரு சைக்கிள் மிச்சம் நின்றால், ஓர் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அந்த ஆள் வருகிற வரைக்கும் நான் கொட்டகையை விட்டுக் கிளம்பியதில்லை. யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று இந்தக் கரையில் எனக்குத் தெரிந்த மாதிரி ஒருவருக்கும் தெரியாது.

பாலம் வந்தது. பாலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? பிரசவத்துக்குப் பரிசலில் போன கஷ்டத்தை நான் பார்த்திருக்கிறேன். பாலத்துக்கு ஏறுகிற ரோடு என் கொட்டகை இருந்த இடத்தின் மேல்தான் போகிறது. தொட்டி போனது, பானை போனது. பம்பின் இரும்பு துருப்பிடித்து உதிர்ந்தது. இப்போது ஆளுக்கொரு வண்டியில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, சர்ரென்று அக்கரைக்குப் போகிறார்கள். ஆள் சேர்ந்தாச்சா என்று கேட்க அவசியமில்லை. ஒருவர் திரும்பவில்லை என்றால் போன் வந்தால்தான் தெரியும். பனிக்காலத்தில் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. அது ஒதுங்கு என்று சொல்கிற சத்தம். வழி சொல்கிற சத்தம் இல்லை.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பாலம் ஏறும் முன்னால் கண்டக்டர் போடுகிற “பம்பு!” அதற்கும் வால் முளைத்துவிட்டது.

விடவில்லை, மெம்பர் வீட்டுக்கே போனேன். மெம்பர் வேறு யாருமில்லை, மல்லிகாவின் மருமகள். குரும்பலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண், நல்ல மாதிரி.

“வெறும் பம்புன்னு எழுதுனா நல்லாவா இருக்கு பெரிப்பா? எங்கூர்ப் பக்கம் பம்புன்னாலே கெணத்துப் பம்பு செட்டுதான். பாதியில விட்டுட்டாங்க போலன்னு நெனச்சு முழுசா எழுதச் சொன்னேன்” என்றாள். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. கிணற்று மேட்டில் பிறந்தவளுக்கு ஆற்றங்கரைப் பம்பு எப்படித் தெரியும்?

உள்ளேயிருந்து மல்லிகா வந்தாள். தலை நரைத்துவிட்டது. “அடியே, அது காத்தடிக்கிற பம்புடி. இவருதான் பம்பு” என்றாள்.

மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, வெள்ளிக்கிழமை ரெண்டாவது கோட்டு அடிக்க ஆள் வருது. என்னான்னு மாத்துறது? ஒங்க பேரு என்ன பெரிப்பா?”

மல்லிகா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் என் பேர் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்து இப்போது சொல்கிறேன். வீட்டில் வைத்த பேர் வேண்டாம். கொக்கு இருந்துவிட்டுப் போகட்டும், பெயிண்டர் நன்றாகத்தான் போட்டிருக்கிறார். “செட்டு” என்பதை மட்டும் வெள்ளையடித்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் “அண்ணன்” என்று எழுதினால் போதும். யார் இந்த அண்ணன் என்று பஸ்ஸில் போகிறவர்கள் கேட்பார்களே என்று மருமகள் சொல்வாள்.

கேட்கட்டும்.