பேச்சியின் நிறம்

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். செட்டியார்பட்டியில் ஒரு மண்டபம். பொழுது விடிந்துகொண்டிருந்தது. கன்னத்தில் பவுண்டேஷன் பூசிவிட்டு பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தேன். சுடலைமுத்து அண்ணன் போனில் கூப்பிட்டார். "மாரி, பேச்சி போயிட்டா" என்றார். முகூர்த்த வீட்டில் சாவுச் சேதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெண்ணின் அம்மா, "யாரு போன்ல?" என்று கேட்டார். "தெரிஞ்சவுகதான்" என்றேன். பொட்டு வைத்து, பூ முடித்து, பெண்ணை மேடைக்கு அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ராஜபாளையம் வந்து சேரும்வரை அழுகை வரவில்லை. உடம்பு அசந்து கிடந்தது.

நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற தம்பிகள் சேர்ந்து பேச்சியம்மாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்களும் எழுதுங்கக்கா" என்றார்கள். அவளோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில், திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு கல்யாண வீடியோ எடிட் பண்ணிக்கொண்டிருந்தவள். அதற்கு முன்னால் தளவாய்புரத்தில் நைட்டி தைத்தாள். அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணன் பட்டாளத்தில் இருந்தபோது, பகலில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டப் போனாள். அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்துவிட்டாள். நான் மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவள். நான் போட்ட கலர் கடைசியில் அவள் கையில்தான் போய் நிற்கும். எங்கள் சிநேகிதம் சண்டையில்தான் ஆரம்பித்தது.

"அம்புட்டு நேரம் பாத்துப் பாத்துப் போட்டேன். உன் பொட்டியில போயி பொண்ணு வேற யாரோ மாதிரி வாரா. என்னட்டி பண்ணுத?" என்று மாடி ஏறிப் போய்க் கேட்டேன். பேச்சி கோபப்படவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். திரையில் ஒரு கல்யாணம், மூடுபனிக்குள் நடப்பது மாதிரி வெளிறிக் கிடந்தது. கேமரா அப்படித்தான் எடுக்கும், வெளிச்சமும் நிழலும் வீணாகாமல் இருக்க வேண்டும் என்று கலரை அடக்கி எடுக்கும் என்றாள். ஒரு தட்டுத் தட்டினாள். சேலை சிவந்தது, மாவிலை பச்சையானது.

"இதுக்குப் பேரு லட். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, ஒரு பட்டியல். இந்தக் கலர் உள்ள வந்தா அந்தக் கலரை வெளிய விடுன்னு எழுதியிருக்கும்."

"உலகத்துல உள்ள கலருக்கெல்லாமா எழுதி வச்சிருக்கு?"

"எழுதி முடியுமா? அங்கொண்ணும் இங்கொண்ணுமா எழுதியிருக்கும். நடுவுல வாற கலருக்கு ரெண்டு பக்கமும் பாத்து அதுவே கணக்குப் போட்டுக்கிடும். நைட்டியில எம்முக்கும் எல்லுக்கும் நடுவுல உள்ள ஆளுக்கு நான் வெட்டலையா, அது மாதிரி."

"மூஞ்சியப் பாத்தா மூஞ்சின்னு தெரியாதா அதுக்கு?"

"மூஞ்சி தெரியாது, சுவரு தெரியாது, மாப்பிள்ளை தெரியாது. பாசமும் இல்ல, பகையும் இல்ல. வந்த கலரு, போற கலரு. அம்புட்டுதான்."

அவள் செய்த ஒரு தப்பையும் எழுதத்தான் வேண்டும். அவளே அதை எல்லோரிடமும் சொல்லுவாள். தளவாய்புரத்தில் ஒரு கல்யாணம். இரண்டு கேமரா. ஒன்றில் கலரை அடக்கி எடுத்திருந்தார்கள். இன்னொன்று வெளியூர்க்காரர் கொண்டுவந்தது, அதில் கலர் முன்னமே ஏறியிருந்தது. பேச்சி அதைக் கவனிக்காமல் ஒரே லட்டை இரண்டுக்கும் போட்டுவிட்டாள். தாலி கட்டுகிற இடம் அந்த வெளியூர்க் கேமராவில்தான் இருந்தது. வீட்டு ஆட்கள் எல்லோரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நாங்களும் இருக்கிறோம். பெண்ணின் நெற்றிக் குங்குமம் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. தாலிக் கயிறு தீயில் காட்டி எடுத்தது மாதிரி இருக்கிறது. பெண்ணின் அம்மா, "மஞ்சக் கயிறு இப்படிக் கருகிக் கெடக்கே தாயி" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்துவிட்டார். "நல்லது கெட்டது பாக்குற வீட்டுல இப்படியாம்மா கொண்டாந்து குடுப்பீக?"

பேச்சி மெஷினைக் குறை சொல்லவில்லை, வெளியூர்க்காரரையும் சொல்லவில்லை. "தப்பு என்னோடது மாமா. வெந்த சோத்தத் திரும்பவும் அடுப்புல ஏத்திட்டேன். எடுத்தது அப்படியே இருக்கு, கெட்டுப் போகல. சரி பண்ணித் தாரேன்" என்றாள். சரி பண்ணியும் கொடுத்தாள். ஆனால் அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சேத்தூர் தாண்டியதும், "மாரி, இனி எந்த மண்டபமா இருந்தாலும் மொதல்ல மஞ்சளும் குங்குமமும் கேமராவுக்கு முன்னால நிக்கணும். பொண்ணு பொறவு வரட்டும்" என்றாள்.

அப்படி வந்ததுதான் அந்தத் தட்டு. எவர்சில்வர் பளபளக்கும் என்று மூங்கில் தட்டு வாங்கினாள். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து வைப்பாள். வெள்ளை சரியாக வருகிறதா என்று பார்க்க அது. அதன் பக்கத்தில் மஞ்சள், குங்குமம், ஒரு வெற்றிலை. தட்டை நான் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பெண் நிற்கப்போகிற அதே இடத்தில், அதே விளக்கின் கீழ் நிற்க வேண்டும். எல்லாக் கேமராவும் என்னைக் கொஞ்சம் எடுக்கும். அதைப் பார்த்து அந்த மண்டபத்துக்கென்று ஒரு லட் செய்துகொள்வாள். "நான் எதுக்குட்டி? தட்டை மட்டும் வச்சு எடு" என்றேன் ஒருநாள். "மஞ்ச வந்தாப் போதுமா? மனுசத் தோலு வரணும். ஊருக்கெல்லாம் பூசிவிடுத, உன் மூஞ்சியில ஒரு பொட்டுப் பவுடரு கெடையாது. அதான் நீ" என்றாள்.

கல்யாண வீட்டுக்காரர்கள் இதை ஏதோ முறை என்று நினைத்துக்கொள்வார்கள். வன்னியம்பட்டிக்காரம்மா ஒருத்தர், "இது எந்த ஊருச் சாங்கியம்?" என்று கேட்டார். பேச்சி முகம் மாறாமல், "கேமராவுக்குத் திருஷ்டி கழிக்கோம் மதினி" என்றாள். அந்தம்மா நம்பிவிட்டார். அவர் வீட்டு அடுத்த கல்யாணத்தில் அவரே வெற்றிலையைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்தார். இரண்டு வைத்தார். பேச்சி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததும் உங்களில் சிலருக்குத் தெரியும். பெண் நல்ல கருப்பு, களையான பெண். மாப்பிள்ளையின் அக்கா மாடிக்கே வந்துவிட்டார். "பொண்ணக் கொஞ்சம் செவப்பாக் காட்டுங்க. வெளிநாட்டுல இருந்தெல்லாம் பாப்பாக." பேச்சி வாதாடவில்லை. "செத்த நேரம் இருங்க, காட்டுதேன்" என்று பெண்ணின் நிறம் வந்தால் வெளுப்பைக் கொடு என்று ஒரு லட் செய்து போட்டாள். பெண் வெளுத்தாள். கூடவே மண்டபத்துத் தேக்குக் கதவு வெளுத்தது. பந்தியில் வைத்த அதிரசம் இட்லி மாதிரி ஆனது. அக்கா அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. கழுத்துப் பக்கம் வந்ததும்தான் பதறினார்.

"என்னங்க, நகையெல்லாம் கவரிங் மாதிரி தெரியுது!"

"தோலுக்கும் தங்கத்துக்கும் கலரு பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணும் வரும். தனித்தனியாப் பிரிச்சும் பண்ணலாம், முடியாம இல்ல. ஆனா இந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பிள்ள பிறந்து, இதுல எங்கம்மா எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீக?"

அக்கா யோசித்தார். பிள்ளைக்காக யோசித்தாரா, நகைக்காக யோசித்தாரா தெரியாது. "இருந்தது மாதிரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் பேச்சி சிரித்த சிரிப்பு ஜெராக்ஸ் கடைக்குக் கேட்டிருக்கும். "தங்கம் காப்பாத்திருச்சுட்டி அந்தப் பிள்ளைய."

பிறகு பேச்சிக்குக் கல்லீரல் கெட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். கைக்கண்ணாடி கேட்டாள். தர மனமில்லாமல் தந்தேன். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளை சரியில்ல மாரி. பேண்டேஜ் துணிய எடுத்துட்டு வா" என்றாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். "எங்க வீட்டு அவிய சரியாச் சாப்பிடமாட்டாவ, பாத்துக்க" என்றதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

செட்டியார்பட்டியிலிருந்து வந்து இறங்கியபோது தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். வேறு வீட்டுச் சாவு என்று நினைத்தேன். நாலு வீடு தாண்டி, பெயரைப் படித்தது மண்டையில் உறைத்துத் திரும்பி வந்தேன். பேச்சியம்மாள் என்றுதான் எழுதியிருந்தது. படத்தில் இருந்தவள் வெண்ணெய் நிறத்தில் இருந்தாள்.

அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன பிறகு ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன். பதினாறாம் நாளுக்கு அதே படத்தைத்தான் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, மாலை போடுறது யாருக்கு? அந்தப் படத்துல இருக்கவ யாருன்னு எனக்குத் தெரியல."

அவர் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "பொண்ணு பாத்துட்டு வந்து எங்காத்தா, கருப்பால்லா இருக்கான்னு சத்தமாச் சொல்லிட்டா. அது பேச்சி காதுல விழுந்துச்சு. ஒருநாளும் அவ அதப் பத்திப் பேசல. எனக்குத்தான் மனசுல கெடந்துச்சு. ஸ்டுடியோவுல செவப்பாக்கவான்னு கேட்டாக. சரின்னேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் மாரி."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே, "அப்பக் கறுப்பாக்கச் சொல்லிருவோம்" என்றார். பேனர் அடித்த கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய படத்தைத் தேடினார். வீட்டிலிருந்து கொடுத்ததே அண்ணன் சொன்ன அந்த ஸ்டுடியோவில் முன்னமே வெளுக்க வைத்த படம்தான். "அதுக்கென்ன, கலர இறக்கிருவோம்" என்று இறக்கினார். முகம் கறுக்கவில்லை. சாம்பல் பூசியது மாதிரி ஆனது. கன்னமும் மூக்கும் ஒன்றாகக் கிடந்தது. பேச்சி முன்னமே சொல்லியிருக்கிறாள்: "ரெண்டு கலரு ஒண்ணாப் போயிட்டா, பொறவு எந்த லட்டு வந்தாலும் பிரிச்சுத் தராது." அண்ணன் கடை வாசலில் போய் நின்றுகொண்டார். நாள் நெருங்கிவிட்டது. அவள் எப்போதும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தவள். வேறு படம் இல்லை.

அப்போதுதான் என் போனில் அவள் எப்போதோ பேசி அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது. "ஏட்டி, நீ பொண்ணு ரூம்ல மாட்டிக்கிட்ட. இன்னைக்கு உனக்குப் பதிலா நானே தட்டத் தூக்கிட்டு நின்னுட்டேன். கை என்னா வலி வலிக்கி!" ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணம் அது, அதிரசம் வெளுத்த அதே கல்யாணம். கேமராக்காரர் கணேசனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனோம். திரைச்சீலை இழுத்தபடி கிடந்தது. கணேசன் தேடி எடுத்தார்.

மூடுபனிக்குள் ஒருத்தி தட்டோடு நின்றாள். குங்குமம் எது, மஞ்சள் எது என்று தெரியாத வெளிறல். "கூடவே அந்த மண்டபத்துக்கு அக்கா செஞ்ச லட்டும் இருக்கு" என்றார் கணேசன். "போடு" என்றேன். அது அவளே தன் முகத்தைப் பார்த்துச் செய்த லட்.

குங்குமம் சிவந்தது. மஞ்சள் மஞ்சளானது. வெற்றிலை பச்சையானது. பேச்சி, அவள் நிறத்தில், கை வலியை மறைத்துக்கொண்டு சிரிக்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு, "பொட்டு கோணலா இருக்கே" என்றார்.

"எப்பவும் கோணலாத்தானே அண்ணே வைப்பா."

"ஆமா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பதினாறாம் நாள் வந்த பெண்கள், "மஞ்சளும் குங்குமமுமா எம்புட்டு லட்சணமாப் போயிருக்கா" என்று தொட்டுக் கும்பிட்டார்கள். கேமராவுக்குக் கலர் பார்க்க எடுத்த படம் என்று நான் சொல்லவில்லை. பேச்சி இருந்தால் வேறு ஏதாவது சாங்கியம் சொல்லியிருப்பாள்.

மூங்கில் தட்டையும் பேண்டேஜ் துணியையும் அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டார். போன முகூர்த்தத்தில் தட்டை எடுத்துக்கொண்டு விளக்குக்குக் கீழே போனேன். கணேசன் தயங்கினார். "அக்கா, இப்ப எடிட் பண்றவரு ரெடிமேட் லட்டுதான் போடுறாரு. இதை அவரு பாக்கவே மாட்டாரு."

"பாக்காட்டிப் போறாரு. நீ எடு" என்றேன்.

எடுத்தார். தோள்பட்டை இப்போதெல்லாம் சீக்கிரம் வலித்துவிடுகிறது. இருந்தாலும் அவர் போதும் என்று சொல்லும்வரை நான் தட்டை இறக்கவில்லை. முகத்தில் ஒன்றும் பூசாமல்தான் நின்றேன். இனியும் அப்படித்தான் நிற்பேன்.