புங்கமரத்தில் ஏழு தூளிகள்

மெல்போர்னில் என் பேத்தி போகும் கிண்டர்கார்டனில் பத்தொன்பது பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியைகள். முற்றத்துக்குப் போகும்போது எண்ணுகிறார்கள், உள்ளே வரும்போது எண்ணுகிறார்கள், ஆப்பிள் துண்டு கொடுக்கும்முன் மறுபடியும் எண்ணுகிறார்கள். ஒரு காலைக்குள் ஆறு தடவை. வேலிக்கு வெளியே நின்று நானும் கூடவே எண்ணுவேன். ஒருநாள் எனக்குப் பதினெட்டுதான் வந்தது, வேலியைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினேன். பத்தொன்பதாவது பிள்ளை குழாயடியில் குந்தி எறும்பு பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே மூக்கைத் துடைத்துவிடக்கூடக் கையுறை மாட்டுகிறார்கள். நம் ஊரில் அதற்குச் சட்டை நுனி இருந்தது, பெரும்பாலும் என் சட்டை.

அறுபதுகளின் தொடக்கத்தில், விழுப்புரத்துக்காரனான எனக்குத் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலையும் ஒன்றாம் வகுப்பும் கொடுத்தார்கள். பதிவேட்டில் முப்பத்தொரு பெயர்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கும் காலம் வந்ததும் பதினான்கு பேர்தான் வந்தார்கள். தாய்மார்கள் கொல்லை வேலைக்குப் போய்விட, ஆறு வயதுப் பெண்கள் இடுப்பில் தம்பி தங்கையோடு வீட்டில். மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருவார். இருபதுக்குக் குறைந்தால் என் வேலையே போய்விடும் என்று தலைமையாசிரியர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சொல்வார். வீடு வீடாக நடந்தேன். பாடத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் செல்வியின் தாய் அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கைப்புள்ளய யாரு பாக்கறது? நீங்க பாத்துக்கினு இருப்பீங்களா சார்?"

பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் செல்வி வந்தாள், தம்பியோடு. அதற்கு மறுநாள் இன்னும் ஆறு பெண்கள், ஆறு கைக்குழந்தைகள். வகுப்பறை உத்தரத்தில் ஏழு தூளிகள் கட்டினேன். கரும்பலகையில் 'அ' எழுதி முடிப்பதற்குள் இரண்டு தூளிகள் நனைந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் தானே தலைகளை எண்ணினார். அன்றைய வருகைப் பதிவில் இருபத்தொன்று, அறையில் இருபத்தெட்டு. இது பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து செல்வியின் தம்பி வீறிட்டான். பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரின் கை தானாகப் போய்த் தூளியை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே செல்வியைப் பலகையில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். தடுமாறாமல் படித்தாள். அவர் ஜன்னல் வழியாக முற்றத்துப் புங்கமரத்தைப் பார்த்தார்.

"கிளாஸ்ரூமுக்குள்ள கைக்குழந்தை இருக்கக் கூடாது, அது ரூல். மரத்தடிய பத்தி ரூல்ல ஒண்ணும் இல்ல."

அன்று மத்தியானமே வகுப்பு தூளிகளோடு மரத்தடிக்குப் போய்விட்டது. என் வேலையும் தப்பியது.

இதைப் பெருமையோடு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இங்கே கேட் என்ற ஆசிரியையிடம் சொன்னேன். உதவிக்கு எத்தனை பேர் என்றாள். நான் ஒருவன்தான் என்றேன். அவள் கண் கலங்கி, என் தோளைத் தொட்டு, "ஸாரி" என்றாள். நல்ல காலம் அது என்று விளக்கப் பார்த்தேன். என்னை மேலும் தேற்றினாள். அதோடு விடாமல், செவ்வாய்க்கிழமைகளில் உள்ளே வந்து பிள்ளைகளோடு உட்காரவும் சொல்லி, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டாள்.

போன செவ்வாய் வீடு திரும்பியதும் திண்டிவனத்திலிருந்து செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். மேலே படித்து, தானும் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டி ஓய்வு பெற்றவள்.

"கழுத்துல இன்னா சார் மாட்டிக்கினு கீறீங்க?"

குனிந்து பார்த்தேன், கழற்ற மறந்திருக்கிறேன். அவளே ஆங்கில எழுத்தைப் படித்தாள். "விசிட்டர்னு போட்டுக்குது. அங்க போயி எத்தினி வருசம் ஆவுது?"

நான்கு வருடம், ஏழு மாதம், பன்னிரண்டு நாள் என்றேன். தை மாதம் ஊருக்கு வர டிக்கெட் எடுத்திருப்பதையும் சொன்னேன்.

"வந்தா எத்தினி நாளு இருப்பீங்க?"

"இருபத்தொரு நாள்."

"அப்ப அத கழட்டாதீங்க சார்," என்று சிரித்தாள். "இங்க வரும்போதும் மாட்டிக்கினு வாங்க."